வேனுக்குள் வாசித்த வரலாறு

ஏறாவூர்
02.04.2007

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நானும் சுகம். போனில் உம்மா அழுது முடிப்பதற்குள் லைன் அறுந்துவிடுகிறது. நான் சொல்ல நினைத்தது ஒன்றும் உங்கள் காதுக்கு வந்து சேர்வதில்லை. அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு சரீப் மாமா தோஹாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதோடு ஒரு கட்டுக் காகிதமும் தந்துவிடுகிறேன். அது என்னவென்று சொல்லும்வரை கோபிக்காமல் வாசியுங்கள்.

படுவான்கரையில் ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை பிடித்துவிட்டது. வாவிக்கு அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் தோணியிலும் நடந்தும் இந்தப் பக்கம் வந்து பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் கிடக்கிறார்கள். பல்கலைக்கழகக் கெம்பஸிலிருந்து நாங்கள் சிலர் களுவாஞ்சிக்குடி முகாமுக்குப் பால்மாவும் பாயும் கொண்டு போனோம். அங்கேதான் அன்னப்பூரணியைக் கண்டேன். என்னைவிட இரண்டு வயது குறைவு. சின்னதில் வந்த காய்ச்சலோடு இரண்டு கண்ணும் போனவள். கூடாரத்தின் மூலையில் இருந்து முழங்காலில் விரலை ஓட்டி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். செபம் என்று நினைத்தேன். கேட்டால், மறந்துபோகாமல் இருக்கப் பாடம் சொல்லிப் பார்க்கிறாளாம். ஆகஸ்டில், பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ.எல். சோதனை. பிரெயில் புத்தகங்கள் எல்லாம் அந்தக் கரையில் வீட்டோடு போய்விட்டன. தோணியில் ஏறும்போது தாய் கண்ணகை ஒரு கையில் மகளையும் மறு கையில் அரிசி மூட்டையையும் பிடித்திருந்தாள். புத்தகத்துக்கு மூன்றாவது கை இல்லை.

நாங்கள் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம் காக்கா. பாடப் புத்தகத்தை ஸ்கேன் பண்ணி இன்டர்நெட்டில் போடுகிறோம். லண்டன், ரொறன்ரோ, சென்னை, கொழும்பு என்று எங்கெங்கோ இருக்கும் எங்கள் வயதுப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பாடம் எடுத்து, வாசித்துப் பதிந்து அனுப்புகிறார்கள். அதை நாங்கள் சீடியில் ஏற்றி, ஒரு சின்னப் பிளேயரோடு அவளிடம் கொடுக்கிறோம். கேட்டுக் கேட்டே படிக்கிறாள். தமிழுக்கும் இந்து நாகரிகத்துக்கும் ஆள் கிடைத்துவிட்டது. வரலாற்றுக்கு இல்லை. பெயர்களும் ஆண்டுகளும் அதிகம் என்று எல்லோரும் நழுவுகிறார்கள்.

நீங்கள் ஏ.எல்.லில் வரலாற்றுக்கு ஏ எடுத்தவர். முற்றத்தில் நடந்து நடந்து வாசித்து என் நித்திரையைக் கெடுத்தவர். காகிதக் கட்டுக்குள் இருப்பது வரலாற்றுப் புத்தகத்தின் போட்டோ கொப்பி. இனி உங்கள் பாடு.

அன்புத் தங்கை,
ஹஸீனா

•

தோஹா
21.04.2007

அன்புள்ள தங்கச்சி ஹஸீனாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். சரீப் மாமா வந்தார். உம்மா அனுப்பிய மாசிச் சம்பல் அன்றைக்கே முடிந்தது. உன் காகிதக் கட்டு கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. அங்கேயே கிடக்கட்டும்.

கோபிக்காதே, நேராகச் சொல்கிறேன். நான் காலை நான்கு மணிக்கு எழும்பி வேலையாட்களை வேனில் ஏற்றி இறக்குகிறவன். இங்கேயும் சில பொடியன்மார் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து உலகத்தைத் திருத்துகிறார்கள். ஏதோ ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டு, யாருக்கோ பரிதாபப்பட்டு, பிறகு போய்ப் பிரியாணி தின்று படுக்கிறார்கள். அது சுகமான நன்மை. கையில் சேறு படாது, காலில் முள் குத்தாது. உன் லண்டன் பிள்ளைகளும் அப்படித்தான். இரண்டு கிழமை வாசிப்பார்கள். பிறகு அவர்களுக்குச் சோதனை வரும், பிறந்தநாள் வரும், அந்தப் பிள்ளை பாதிப் பாடத்தோடு நிற்கும். நம்பவைத்துக் கைவிடுவதைவிட ஒன்றும் செய்யாமல் விடுவது நல்லது.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் நான் பொய்யன். தொண்ணூறாம் ஆண்டு தமிழருக்கும் நமக்கும் பிரச்சினை மூண்ட நேரம் வாப்பா அந்தக் கரையில் வயலுக்குப் போனவர். வந்தாரா? உனக்கு அப்போது நான்கு வயது, நினைவிருக்காது. அடக்கம் பண்ண மையித்தைக் கூடக் காணாமல் உம்மா இருந்த இருப்பை நான் பார்த்தவன். அந்தக் கரைச் சனத்துக்கு நான் குரல் கொடுக்க வேண்டுமா? அந்தப் பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் என்னிடம் கேட்காதே. வேறு ஆளைப் பார்.

உம்மாவுக்கு முழங்கால் தைலம் அனுப்புகிறேன். இந்தக் கதை உம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் காக்கா,
மர்சூக்

•

ஏறாவூர்
08.05.2007

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். வாப்பாவைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். அந்தக் கேள்வியோடுதான் நானும் வளர்ந்தேன். வேலை பற்றி எழுதியதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நீங்கள் சொன்னதில் பாதி சரி. சென்னைப் பொடியன் ஒருவன் பாடத்துக்குப் பின்னால் சினிமா இசை போட்டு அனுப்பியிருந்தான். அன்னப்பூரணி கேட்டுவிட்டு, "பாட்டு நல்லாயிருக்கு, பாடந்தான் கேக்கல்ல" என்றாள். லண்டனில் ஒரு பிள்ளை நன்றாக வாசித்தாள். பிறகு, தன் பல்கலைக்கழகத்தில் காட்ட அன்னப்பூரணியின் படம் வேண்டும், முகாம் பின்னால் தெரிந்தால் நல்லது என்று எழுதினாள். எனக்குச் சொல்லவே வெட்கமாக இருந்தது. அன்னப்பூரணியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த சீடியை நிற்பாட்டினாள். பிறகு, "என்ட முகத்த நானே கண்டதில்ல. அவக்கு என்னத்துக்கு? அடுத்த பாடத்த அனுப்பச் சொல்லுங்க" என்றாள். அப்படியே எழுதிவிட்டேன். லண்டன் பிள்ளை மன்னிப்புக் கேட்டு இரண்டு பாடம் சேர்த்து அனுப்பினாள். இப்போதும் அனுப்புகிறாள். ஆக, திருந்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

என் வகுப்பு ஹமீட் உங்கள் கட்சி. கெம்பஸ் விட்டதும் செங்கலடியில் ஒரு கம்ப்யூட்டர் கடையைப் பார்த்துக்கொள்கிறான். "முகம் தெரியாத ஆளுக்குச் செய்யிற உதவி காத்துல எழுதின எழுத்து" என்கிறான். நான் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். படுவான்கரைக்கு நாங்கள் போக முடியாது. முகாமுக்குப் போகவும் நான்கு இடத்தில் இறக்கிச் சோதிக்கிறார்கள். ரொறன்ரோக்காரி வந்து சேறு மிதிக்க முடியாது. ஆள் போக முடியாத இடத்துக்குக் குரலாவது போகட்டுமே. கையில் சேறு படவில்லை என்பதற்காக அது உதவி இல்லை என்றாகிவிடுமா?

வரலாற்றுக்கு இன்னும் ஆள் இல்லை. வற்புறுத்த மாட்டேன்.

அன்புத் தங்கை,
ஹஸீனா

•

தோஹா
27.05.2007

ஹஸீனாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இந்தக் கடிதம் வருமுன் உன் ஈமெயிலுக்கு ஒன்று வந்திருக்கும். முதலாம் பாடம். நான் வாசித்ததுதான். துள்ளாதே, காரணத்தைக் கேள்.

எங்கள் அறையில் தங்கராசா அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார். களுவாஞ்சிக்குடிக்காரர். ஒரே அறையில் இரண்டு வருடம் படுத்தும் அவரோடு நான் சோறு, தண்ணீர், வேலை தவிர வேறொன்றும் பேசியதில்லை. உன் விசர் வேலையைப் பற்றிச் சரீப் மாமாவிடம் நான் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்துவிட்டது. குனிந்து என் கட்டிலுக்குக் கீழே கிடந்த கட்டை எடுத்தார். ஊரிலிருக்கும் தன் பிள்ளையைப் பார்க்க என்று வாங்கி வைத்திருக்கும் லெப்டொப்பைத் திறந்து, தானே வாசிக்கத் தொடங்கினார். மனிதர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஒரு வரியை எழுத்துக் கூட்டி முடிக்கவே வியர்த்துவிட்டது. 'அநுராதபுரம்' அவர் வாயில் நான்கு துண்டாகியது. ஆனாலும் நிற்பாட்டவில்லை. எனக்குத்தான் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. "விடுங்கண்ணன்" என்று வாங்கி வாசித்தேன். அவ்வளவுதான்.

ஒரு பாடம் மட்டுமே. இதை வைத்து இன்னொன்று கேட்காதே.

மர்சூக்

•

ஏறாவூர்
11.06.2007

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அன்னப்பூரணி பாடம் கேட்டாள். நன்றி சொல்லச் சொன்னாள். கூடவே சொல்லச் சொன்ன மற்றதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் பஸ் நடத்துனர் ஊர்ப் பெயர் சொல்லுவது போல வாசிக்கிறீர்களாம். அரசர்கள் எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறி இறங்குகிறார்களாம். வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிறீர்களாம், அதனால் யார் வென்றார் யார் தோற்றார் என்று தெரியவில்லையாம். "அவரு கோவத்தோட வாசிச்சிருக்காரு. கோவம் போனப்பிறகு ஒருக்கா வாசிக்கச் சொல்லுங்க" என்றாள். நீங்கள் யார், ஏன் கோபம் என்று நான் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

இன்னொரு செய்தி. உம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சீடி சரியா என்று வீட்டில் போட்டுப் பார்த்தேன். உம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தா. உங்கள் குரல் கேட்டதும் கையில் செதிலோடு ஓடி வந்து வாசலில் நின்றா. போன் என்று நினைத்திருக்கிறா. "மகன்" என்று கூப்பிட்டா. நீங்கள் துட்டகைமுனு அரசனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனீர்கள். நான் விளங்கப்படுத்தினேன். யாருக்கு வாசிக்கிறார் என்று கேட்டா. பொய் சொல்ல மனம் வரவில்லை, சொன்னேன். உம்மாவின் முகம் மாறியது. திரும்பிப் போய்விடுவா என்று பார்த்தேன். போகவில்லை. நிலத்தில் குந்தியிருந்து பாடம் முடியும்வரை கேட்டா. நான்கு வருடத்தில் உங்கள் குரலை அழாமல் கேட்டது இதுதான் முதல் தரமாம். மறுநாள் திரும்பப் போடச் சொன்னா. அதற்கு அடுத்த நாளும்.

இப்போது புதுப் பாடம் வந்ததா என்று கேட்கிறா. நான் என்ன பதில் சொல்ல?

அன்புத் தங்கை,
ஹஸீனா

•

தோஹா
30.06.2007

அன்புள்ள ஹஸீனாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பஸ் நடத்துனர். சரி.

கடிதத்தை வாசித்ததும் கிழித்துப் போடலாம் என்றுதான் இருந்தது. இரண்டு நாள் வேன் ஓட்டும்போதெல்லாம் அந்தச் சொல்லே காதில் நின்றது. தங்கராசா அண்ணனிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார். பிறகு என் பதிவை நானே போட்டுக் கேட்டேன். பிள்ளை சொன்னது உண்மை. கோபமும் உண்மை.

முதலாம் பாடத்தைத் திரும்ப வாசித்திருக்கிறேன். இரண்டாம் மூன்றாம் பாடங்களும் அனுப்பிவிட்டேன். அறையில் எட்டுப் பேர், குளிரூட்டியும் இரைச்சல். அதனால் வேனுக்குள் இருந்து வாசிக்கிறேன். மத்தியானம் வெயில் கடுமை என்று இரண்டு மணித்தியாலம் வேலை நிறுத்துவார்கள். அப்போது கண்ணாடியெல்லாம் ஏற்றி, எஞ்சினையும் ஏ.சி.யையும் நிற்பாட்டிவிட்டு வாசிப்பேன். வெளியே நெருப்புக் காற்று. உள்ளே நான் அவிந்த கிழங்கு. ஒரு பக்கம் வாசித்துவிட்டுக் கதவைத் திறப்பேன், தண்ணீர் குடிப்பேன், திரும்ப மூடுவேன். தங்கராசா அண்ணன் பக்கத்தில் இருந்து விசிறுவார். பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் பொலன்னறுவைக் காலத்துக் குளங்களைப் பற்றி வாசித்தபோது, "பாருங்க தம்பி" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டார். அது பதிந்திருக்கிறது. வெட்டத் தெரியவில்லை. மன்னிக்கச் சொல்.

உண்மையைச் சொன்னால் நன்றாகவும் இருக்கிறது. கெம்பஸில் இடம் கிடைத்த கடிதம் வந்த கிழமைதான் நான் விசாவுக்குக் கையெழுத்துப் போட்டேன், உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒரு புத்தகத்தையும் நான் திறக்கவில்லை. இப்போது அந்த வேனுக்குள் மட்டும் நான் டிரைவர் இல்லை.

உம்மாவிடம் சொல், கிழமைக்கு ஒரு பாடம் வரும்.

உன் காக்கா,
மர்சூக்

•

ஏறாவூர்
15.07.2007

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லது கெட்டது இரண்டும் இருக்கிறது. நல்லதை முதலில் சொல்கிறேன்.

சென்ற கிழமை உங்கள் பாடச் சீடிகளோடு களுவாஞ்சிக்குடிக்குப் போனபோது ஒரு சோதனைச் சாவடியில் என்னை இறக்கிவிட்டார்கள். இவ்வளவு சீடி எதற்கு, இதில் என்ன பேச்சு இருக்கிறது என்று கேள்வி. பாடம் என்றேன். நம்பவில்லை. பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. மேலதிகாரி ஒருவர் வந்து உள்ளே இருந்த ரேடியோப் பெட்டியில் ஒரு சீடியைப் போட்டார். உங்கள் குரல் வந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. முகம் இறுகியே இருந்தது. அந்த நேரம் நீங்கள் "பொலன்னறுவை" என்றீர்கள். பிறகு "பராக்கிரமபாகு" என்றீர்கள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதிஹாசய?" என்று சிங்களத்தில் கேட்டார். ஓம், வரலாறு, கண் தெரியாத பிள்ளைக்கு என்று கையால் காட்டினேன். அதற்குள் தங்கராசா அண்ணனின் "பாருங்க தம்பி" வந்தது. அவருக்கு என்ன விளங்கியதோ, சிரித்துவிட்டார். சீடிகளைத் தன் கையாலேயே உறையில் போட்டுத் தந்து, வந்த லொறியை மறித்து என்னை ஏற்றியும் விட்டார்.

இனிக் கெட்டது. நீங்கள் சொன்னபடியே நடக்கிறது. தொடக்கத்தில் முண்டியடித்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். ஒருவருக்கு விடுமுறைப் பயணம், ஒருவருக்குக் கம்ப்யூட்டர் பழுது, இன்னொருவர் பதிலே போடுவதில்லை. இந்து நாகரிகத்தில் கடைசிப் பாடங்கள் அப்படியே கிடக்கின்றன. ரொறன்ரோக்காரியும் லண்டன் பிள்ளையும் தமிழைக் கட்டிப்பிடித்து முடித்துவிட்டார்கள், அவர்கள் வாழ்க. ஹமீட்டிடம் கேட்டேன். வாசிக்க மாட்டானாம். ஆனால் கெம்பஸ் லைன் வேலை செய்யாததால் பாடங்களை அவன் கடையில் இறக்கித் தருகிறான். சீடியைத் தன் மோட்டார் சைக்கிளில் முகாமுக்கும் கொண்டு போகிறான். "எனக்குக் கையால செய்யிற வேல தான் சரி" என்கிறான். அதுவும் ஒரு மாதிரி.

அன்னப்பூரணி உங்களுக்கென்று ஒரு பதிவு தந்தாள். வாப்பாவைப் பற்றி நான் அவளிடம் சொல்லிவிட்டேன் காக்கா. அவள் பேசிய குரலை ஈமெயிலில் அனுப்பியிருக்கிறேன். லைன் கிடைக்காவிட்டால் என்று இங்கேயும் எழுதுகிறேன்:

"காக்கா, நான் அன்னப்பூரணி. உங்கட வாப்பாட கதைய ஹஸீனா சொன்னா. என்ன சொல்லுறண்டு எனக்குத் தெரியல்ல. எங்கட அப்பாவும் அந்த வருசம் தான் இல்லாமப் போனவரு. எனக்கு அவர்ட முகமும் தெரியா, குரலும் தெரியா. நீங்க வாசிக்கக்குள்ள மனசு நோகுமெண்டா நிப்பாட்டுங்க. நான் கோவிக்க மாட்டன். இவ்வளவும் தந்தது பெரிய காரியம்."

அவள் சொன்னது இவ்வளவுதான். இந்து நாகரிகம் வாசிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்.

அன்புத் தங்கை,
ஹஸீனா

•

தோஹா
26.07.2007

ஹஸீனா,

மீதிப் பக்கங்களை உடனே ஸ்கேன் பண்ணி அனுப்பு. கடிதம் வரும்வரை காத்திருக்க மாட்டேன், தங்கராசா அண்ணனின் ஈமெயிலில் இன்றைக்கே உனக்கு எழுதிவிட்டேன்.

அந்தப் பிள்ளையின் பதிவை வேனில் இருந்து கேட்டேன். அன்றைக்கு வாசிக்க முடியவில்லை. மறுநாள் அவளுக்கு ஒரு பதில் பதிந்து அனுப்பினேன். அதில் என்ன சொன்னேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன், அவளிடமும் கேட்காதே.

இந்து நாகரிகத்தை நான் வாசிக்கிறேன். தேவாரம் வரும் இடங்களில் எனக்குப் பிரிக்கத் தெரியாது. அதைத் தங்கராசா அண்ணன் மனப்பாடமாகச் சொல்லுவார், சின்னதில் கோயிலில் படித்தவராம். புத்தகத்தில் எழுத்துக் கூட்டத் தடுமாறிய மனிதர் அங்கே அருவி போல ஓடுகிறார். ஒரு பக்கம் நான், ஒரு பாட்டு அவர். மீன் சந்தைக்கு வேன் ஓட்டும் கேரளப் பொடியன் கூட வந்து கதவடியில் நின்று கேட்கிறான்.

இரண்டு கிழமையில் முடித்துத் தருவேன். பயப்படாமல் படிக்கச் சொல்.

மர்சூக்

•

ஏறாவூர்
28.08.2007

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சோதனை முடிந்தது. வரலாற்றுச் சோதனை நாள் நடந்ததைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

அன்னப்பூரணியும் தாயும் சோதனைக்காக மட்டக்களப்பு டவுனை ஒட்டிய அமிர்தகழியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். துணைக்கு நான் போகட்டுமா என்று உம்மாவிடம் பயந்து பயந்து கேட்டேன். உம்மா கொஞ்சம் யோசித்தா. பிறகு, "மகன் பாடுபட்டு வாசிச்சது, பாதியில நிக்கப் படா. போ" என்று சொல்லி வட்டிலப்பமும் கட்டித் தந்தா.

விடிந்தால் ஹர்த்தால். ஒரு பஸ் இல்லை, ஓட்டோ இல்லை. கடைகள் பூட்டு. கண்ணகை மாமி தலையில் கை வைத்து முற்றத்தில் இருந்துவிட்டா. அந்த வீட்டில் ஒரு பழைய சைக்கிள் நின்றது. நான் அவளைக் கரியரில் ஏற்றினேன். விடை எழுத இரவல் வாங்கியிருந்த பிரெயில் இயந்திரத்தை அவள் மடியில் கட்டினோம். நீங்கள் எனக்குச் சைக்கிள் பழக்கியபோது இரண்டு தரம் வாய்க்காலுக்குள் விட்டீர்கள். ஆனால் அன்றைக்கு நான் விழவில்லை.

வீதியில் ஒரு மனித உயிர் இல்லை. வாவிக் காற்று மட்டும் எதிரே அடித்தது. எனக்கு மூச்சு வாங்கியது. பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது. அவள் பாடம் சொல்லிக்கொண்டு வந்தாள். உங்கள் குரலில், காக்கா. நீங்கள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, நீங்கள் இழுக்கும் இடத்தில் இழுத்து. நான் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். அவளும் சிரித்தாள். ஓர் இடத்தில் ஆமிக்காரர் மறித்தார்கள். அடையாள அட்டையையும் சோதனை அட்டையையும் காட்டினேன். சைக்கிளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கம்பைத் தூக்கி வழி விட்டார்கள். மணி அடிக்குமுன் மண்டபத்தில் இருந்தாள்.

பின்னேரம் வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து எனக்கு விளங்கிவிட்டது. "கேட்டதெல்லாம் காக்கா சொன்னது தான்" என்றாள். இனி அல்லாஹ்வின் நாட்டம்.

அன்புத் தங்கை,
ஹஸீனா

•

ஏறாவூர்
06.01.2008

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் நான் கத்தியது பாதியில் அறுந்துவிட்டதாம். இதோ முழுதாக.

முடிவுகளை இன்டர்நெட்டில் விட்டார்கள். ஹமீட்டின் கடையில்தான் பார்த்தோம். அன்னப்பூரணியும் மாமியும் வந்திருந்தார்கள். லைன் ஊர்ந்தது. அவள் என் கையைப் பிடித்தபடி, நகம் பதியப் பிடித்தபடி, நின்றாள். பக்கம் திறந்தது. நான் வாசித்தேன். வரலாறு ஏ. தமிழ் ஏ. இந்து நாகரிகம் பி. அவள் "திரும்ப வாசிங்க" என்றாள். வாசித்தேன். மூன்றாம் தரமும் வாசித்தேன். மாமி கடை வாசலிலேயே இருந்து அழுதா. ஹமீட் கடையைப் பூட்டிவிட்டு, வந்திருந்த சனத்துக்கெல்லாம் நெக்டோ சோடா வாங்கிக் கொடுத்தான். எங்கள் வந்தாறுமூலைக் கெம்பஸுக்கே வந்துவிடுவாள் காக்கா. பக்கத்து ஊர்.

வாசித்த எல்லோருக்கும் எழுதினோம். கைவிட்டுப் போனவர்களுக்கும் எழுதினோம், ஒரு பாடம் தந்தாலும் தந்ததுதானே. ரொறன்ரோக்காரி விடியப்புறம் எழும்பி வீட்டையே எழுப்பியிருக்கிறாள். பதில் போடாமல் இருந்தவன் ஒருவன், "அடுத்த முறை என்னையும் சேருங்கள், இந்த முறை ஓட மாட்டேன்" என்று எழுதினான்.

அன்றைக்கே உம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள். எனக்குப் பயம். தொண்ணூறுக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலுக்கு அந்தப் பக்கத்து மனிதர் யாரும் வந்ததில்லை. மாமியும் ஏறாவூருக்குள் காலடி வைத்ததில்லை. வந்தார்கள். உம்மா வாசலில் நின்றா. இரண்டு தாய்மாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்னப்பூரணிதான் பேசினாள். "உம்மா, பராக்கிரமபாகு எத்தின குளம் கட்டினவரு?" என்றாள். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கள் மாதிரியே இழுத்து, அந்தப் பந்தியைத் தொடக்கத்திலிருந்து சொன்னா. காக்கா, பள்ளிக்கூட வாசல் மிதிக்காத நம் உம்மா. பாதியில் அன்னப்பூரணியும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்லி முடித்தார்கள். கடைசியில், "பாருங்க தம்பி" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். மாமி சிரித்துவிட்டா. உம்மா அவ கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனா. அடுப்படியில் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. வாப்பாவின் பெயர் ஒரு தரம் கேட்டது. அன்னப்பூரணியின் அப்பாவின் பெயரும் கேட்டது. சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அன்புத் தங்கை,
ஹஸீனா

•

தோஹா
24.01.2008

அன்புள்ள தங்கச்சி ஹஸீனாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் வாசித்தேன். உம்மா வந்த இடத்தில் என்னால் தொடர முடியவில்லை. தங்கராசா அண்ணன் வாங்கி, எழுத்துக் கூட்டிக் கூட்டி முடித்தார். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

முடிவு வந்த வெள்ளிக்கிழமை ஆடு வாங்கிச் சமைத்தோம். வேனைக் கழுவி முற்றத்து நடுவில் நிறுத்தி, அதற்கு மாலை போட்டார் தங்கராசா அண்ணன். கம்பெனி மேலாளர் பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். எங்கள் பிள்ளை சோதனை பாஸ் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. திருத்தவில்லை.

நீ தொடக்கத்தில் எழுதியதற்கு நான் எழுதிய மறுமொழி உன்னிடம் இருந்தால் வைத்திரு. அப்போது நினைத்ததைத்தான் எழுதினேன். இப்போது நினைப்பது வேறு. முகம் தெரியாத ஆளுக்கு வாசிக்கும்போது ஒரு நன்மை இருக்கிறது. யார், எந்த ஊர், எந்தக் கரை என்று பார்க்க வழியில்லை. வசனத்தைச் சரியாக முடிக்க வேண்டும், அது ஒன்றுதான் வேலை.

அன்னப்பூரணிக்கு என் ஸலாமும் தங்கராசா அண்ணனின் ஆசியும். கெம்பஸில் அவளுக்குப் புத்தகம் நிறைய வரும். அதை நீ யோசிக்காதே.

ஒன்று கேட்கிறேன். அவளைப் போல இன்னும் எத்தனை பிள்ளைகள் மட்டக்களப்பில் இருக்கிறார்கள் என்று நீ எழுதவேயில்லை. விசாரித்து எழுது. எந்தப் பாடம் என்றாலும் சரி. நானும் தங்கராசா அண்ணனும் சரீப் மாமாவும், இன்னும் அறையில் மூன்று பேரும் இருக்கிறோம். கம்பெனியில் இரண்டாவது வேனின் சாவியும் கேட்டு வாங்கிவிட்டேன்.

உன் காக்கா,
மர்சூக்